சில்லுக்குள் ஒரு நாள்காட்டி

நுழையும்முன்

சுவர்க் கடிகாரம் நின்றால் உடனே அறிகிறோம். மின்சாரமும் குடிநீரும் வழங்கும் கருவிகளுக்குள் மறைந்திருந்து காலத்தை எண்ணும் கடிகாரம் பிழைபட்டால் என்ன நேரும்? அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மறைந்து இயங்கும் கணினிகள்

மதுரை நகரின் விளக்குகள் எரியவும் குழாய்களில் நீர் வரவும் துணைமின் நிலையங்களும் நீரேற்று நிலையங்களும் இடையறாது இயங்க வேண்டும். இத்தகைய நிலையங்களின் அளவிகளிலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் இக்காலத்தில் சில்லுகள் பொதிந்துள்ளன. திரையும் விசைப்பலகையும் இல்லாத இச்சிறு கணினிகள், ஒரே பணியைப் பல்லாண்டுகள் செய்பவை. அவற்றுள் சில, நாளையும் நேரத்தையும் கணக்கிடுகின்றன.

நாள் பிழையின் தோற்றம்

நினைவகம் விலைமிகுந்திருந்த காலத்தில் ஆண்டை ஈரிலக்கங்களால் குறித்தனர். அதனால் 2000ஐ 1900 எனக் கணினி மயங்கும் நிலை உருவாயிற்று. உலகெங்கும் முன்னரே திருத்தங்கள் செய்யப்பட்டன. இந்திய மென்பொருள் வல்லுநர்கள் அதில் பெரும்பங்கு ஆற்றினர். பேரிடர் நேராததைக் கண்டு, அச்சம் வீண் என்றனர் சிலர். அவர்கள் அவ்வுழைப்பை மறந்தனர்.

திருத்தாத பிழை என்ன செய்யும் என்பதற்கு நியூசிலாந்து சான்றாகும். 1996 டிசம்பர் 31, நெட்டாண்டின் 366ஆம் நாள். டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையின் கட்டுப்பாட்டுக் கணினிகள் அந்நாளை ஏற்காமல் நின்றன. கட்டுப்பாடு இழந்த உருக்குக் கலன்கள் மிகையாக வெப்பமேறிச் சேதமுற்றன.

அடுத்த எல்லை

பல கணினிகள் 1970 சனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. 32 பிட் அளவுள்ள குறியுடை எண்ணில் 214,74,83,647 வரையே எண்ண இயலும். 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் அவ்வெல்லை நிரம்பும். அடுத்த நொடியில், திருத்தப்படாத கருவி 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பக்கூடும்.

வருமுன் காத்தல்

அலுவலகக் கணினியைப் புதுப்பித்தல் எளிது. மூடிய பெட்டிக்குள் உள்ள சில்லையோ முதலில் கண்டறிய வேண்டும். அதைச் செய்த நிறுவனமே இன்று இல்லாமற் போயிருக்கலாம். மதுரைச் சமவெளி உழவர் மழைக்கு முன்பே கண்மாய்க் கரையையும் மடையையும் பார்வையிடுவர். வெள்ளம் வந்தபின் உடைப்பைத் தேடுவதில்லை. அவ்வாறே, எந்தக் கருவியில் எந்தச் சில்லு உள்ளது எனப் பட்டியலிடுதல், மாற்றுக் கருவியில் நாளை முன்னகர்த்திச் சோதித்தல், பழுதுடையதை மாற்றுதல் ஆகியன இன்றே தொடங்கவேண்டிய பணிகள். 2038இல் அக்கருவிகளைக் காக்கும் பொறுப்பில், இன்று இப்பாடத்தைப் பயிலும் மாணவர் பலர் இருப்பர்.

தெரிந்து தெளிவோம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் பழைய குறிப்புமுறை 1024 வாரங்களுக்கு ஒருமுறை வார எண்ணைச் சுழியமாக்குகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இது நிகழ்ந்தது. 2038 நவம்பரில் மீண்டும் நிகழும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் நாளையும் நேரத்தையும் கணக்கிடும் கருவிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் நாள் பிழையால் பாதிப்பு மிகுதியாகக் கூடியது எது எனக் காரணத்துடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.