எது டைகர், எது கிராஃப்ட்?

கேள்வி: நண்பர்களுக்கு, பெயரை மறைத்து கிராஃப்ட் பீர் சுவைக்கும் போட்டி வைக்கப்போகிறேன். ஒருவர் 'ஒரே வாயில் சொல்லிவிடுவேன்' என்று சவால் விடுகிறார். எப்படி நடத்துவது? (வாசகர், கிள்ளான்)

பதில்: அந்தச் சவாலுக்காகவே நடத்துங்கள்! ஊற்றுபவர் சமையலறையை விட்டு வரக்கூடாது. பரிமாறுவது விடை தெரியாத வேறொருவர். ஊற்றியவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கில்லாடிகள் உண்டு. நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் உள்ளே தெரியாத ஒரே மாதிரிக் கோப்பைகள் வாங்குங்கள். ஏ, பி என்று எழுதினால் மனசு 'ஏ' பக்கம் சாயும். 417, 862 என்று ஏதாவது எண் போடுங்கள்.

ஐந்து வகை போதும், ஆளுக்கு 50 மில்லி. லேசானது முதலில், ஸ்டவுட் கடைசியில். ஐஸ்பெட்டியிலிருந்து பத்து நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள்; ரொம்பக் குளிர்ந்தால் நாக்குக்கு எதுவும் தெரியாது. முறுக்கு பிறகு, நடுவில் தண்ணீரும் வெறும் பிஸ்கட்டும்தான்.

சுங்கைவே டைகரையும் ஷா ஆலம் கார்ல்ஸ்பெர்க்கையும் சொல்லாமல் நுழைத்துவிடுங்கள். வேடிக்கையே அங்கேதான். சவால்காரருக்கு மட்டும் மூன்று கோப்பை, இரண்டில் ஒரே பீர். மாறியது எது என்று கேளுங்கள். குருட்டடியாகவே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் நான்கைந்து சுற்று வையுங்கள். தோற்றால் பிரிக்பீல்ட்ஸில் எல்லாருக்கும் வாழையிலைச் சாப்பாடு அவர் செலவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.