ஒன்று 'காக்கா' என்கிறது... இன்னொன்று 'போலாம்வா' என்கிறது!

ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குப் போனால் இப்படி இரண்டு குழந்தைகளை நீங்களும் பார்க்கலாம். இரண்டுக்குமே ஒன்றரை வயசு. ஒன்று அம்மா இடுப்பில் இருந்தபடி, "காக்கா... மாடு... பூ" என்று விரல் நீட்டிப் பெயர் சொல்லும். இன்னொன்று, "போலாம்வா", "வேணாம் போ" என்று மழலையில் நீட்டி முழக்கும். பாதி புரியாது. 'அது எவ்வளவு தெளிவா பேசுது, நம்ம புள்ள உளறுதே!' என்று உங்களுக்குக் கவலை வந்துவிடும்.

தேவையில்லை. இரண்டுமே சரியான வழிதான்.

அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் நெல்சன், 18 குழந்தைகளின் முதல் 50 வார்த்தைகளை ஆராய்ந்து 1973-ல் வெளியிட்டார். 10 குழந்தைகளின் பேச்சில் பாதிக்கு மேல் பொருள்களின் பெயர்கள். மற்ற 8 குழந்தைகளிடம், ஆட்களோடு பழக உதவும் சொற்கள் அதிகம். 50 வார்த்தையைச் சில குழந்தைகள் 15 மாதத்திலேயே எட்டின. சில குழந்தைகளுக்கு 2 வயசு ஆனது.

ஏன் இந்த வித்தியாசம்? குழந்தையின் சுபாவம் ஒரு காரணம். "இது என்ன?" என்று கேட்டுப் பழக்கும் வீடா, "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு" என்று பழக்கும் வீடா என்பது இன்னொன்று. எதுவானாலும், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுங்கள். "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்காதீர்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ஆ... ஊ...' என்று குரல் கொடுக்கும். தட்டைத் தட்டினால் திரும்புகிறதே என்பதும் போதாது. பலத்த சத்தம் கேட்டும், பேச்சு சரியாகக் கேட்காத குழந்தைகள் உண்டு.

உடனே டாக்டரிடம் காட்ட வேண்டியது எப்போது?

* 12 மாதத்தில் மழலை ஒலிகளோ, விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை.
* 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.
* 2 வயசில் "பால் வேணும்" போல இரண்டு வார்த்தையைச் சேர்க்கவில்லை.
* பேசிய பேச்சு எந்த வயசிலாவது நின்றுபோனது.

முதலில் செவித்திறன் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கே இதைச் செய்யலாம், வலி இருக்காது. குறையை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ, பேச்சு வர அவ்வளவு வாய்ப்பு.

ராஜகிரி மலையை எல்லாரும் ஒரே வேகத்திலா ஏறுகிறோம்? மெதுவாக ஏறும் குழந்தையை அவசரப்படுத்த வேண்டாம். ஆனால், ஏறத் தொடங்கியதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்!