தலைப் பேனும் இல்லறத்தார் அஹிம்சையும்

பள்ளி திறந்து ஓரிரு மாதங்கள் செல்வதற்குள், பெண் மக்கள் உள்ள இல்லங்களில் தலைகாட்டும் ஒரு சிறு துன்பத்தைப் பற்றி எழுத முற்பட்டுள்ளோம். இதுவும் ஓர் அறப் பொருளா எனச் சிலர் நகைக்கக் கூடும். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ள தவளக்குப்பத்தில் நம்மவர் இல்லம் ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தோம். அங்குக் கண்ட காட்சியே இதனை எழுதத் தூண்டியது.

மூன்றாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி திண்ணையில் அழுதுகொண்டிருந்தாள். தலையில் பேன் இருப்பதைக் கண்ட ஆசிரியை அவளைத் தனியே கடைசி வரிசையில் அமர்த்திவிட்டாராம். தாயின் கையில் மருந்துக் குப்பி. சித்தாமூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த பாட்டி அதனைத் தடுத்துக் கொண்டிருந்தார்.

“அட்டமியும் சதுர்த்தசியும் நோன்பு நோற்கிற வீட்டில், இத்தனை உயிரையும் ஒரே வேளையில் மருந்து ஊற்றிக் கொல்வதா?” என்றார் அவர்.

“அப்படியானால் குழந்தை இரவெல்லாம் சொறிந்துகொண்டு அழட்டுமா, அத்தை?” என்றாள் மருமகள்.

இருவரும் எம்மை நோக்கினர். அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் நூல்களைப் பார்த்தும் மருத்துவரைக் கேட்டும் அறிந்ததை ஈண்டுத் தருகிறோம்.

பாட்டியின் அச்சம் பொருளற்றதன்று. குந்தகுந்தாசாரியர் தமது பஞ்சாஸ்திகாயத்தில் எறும்பு, மூட்டைப்பூச்சி ஆகியவற்றோடு பேனையும் மூவறிவுயிராக எண்ணுகிறார். ஊறும் சுவையும் நாற்றமும் அதற்கு உண்டு. கண்ணும் செவியும் இல்லை என்பது நூற்கொள்கை. இயங்குயிராதலின், அதனை வேண்டுமென்றே கொல்வது இல்லறத்தாரின் அணுவிரதத்திற்கும் மாறானது. திகம்பர முனிவர்கள் இரண்டு முதல் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை லோசம் செய்துகொள்வதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்றும் இதுவே. முடி வளர்ந்தால் பேன் தோன்றும். பேன் தோன்றினால் அதற்குத் துன்பம் விளைக்காதிருத்தல் அரிது. கூர்ஜரத்தை 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட குமாரபாலன் காலத்துக் கதை ஒன்றும் உண்டு. பேன் ஒன்றை நசுக்கிக் கொன்ற வணிகர் ஒருவரின் செல்வத்தைக் கொண்டு ‘யூகா விகாரம்’ என்னும் கோயில் எழுப்பப்பட்டதாக மேருதுங்கரின் பிரபந்த சிந்தாமணி கூறுகிறது. யூகா என்பது பேனுக்குரிய வடசொல். தண்டனை மிகை என்றே எமக்குத் தோன்றுகிறது. எனினும் நம் முன்னோர் இச்சிற்றுயிரை எவ்வளவு பொருட்படுத்தினர் என்பது அதனால் விளங்கும்.

ஆனால் பாட்டி ஒன்றை மறந்தார். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் ‘பிரமாதம்’ எனப்படும் கவனமின்மையை முதற்கண் வைக்கிறது. பேன் செய்தியில் அக்கவனமின்மை எவ்வாறு பெருகுகிறது என்று பாருங்கள். வளர்ந்த பேன் எள்ளளவே இருக்கும். ஏறக்குறைய 30 நாட்கள் உயிர் வாழும். பெண் பேன் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு வரை ஈரிடும். மயிர்க்காலை ஒட்டி இடப்பட்ட ஈர் 7 முதல் 10 நாட்களுக்குள் பொரிக்கும். அக்குஞ்சு மேலும் 9 முதல் 12 நாட்களில் வளர்ந்து தானும் ஈரிடத் தொடங்கும். முதன்முறையாகப் பேன் பற்றிய குழந்தைக்கு அரிப்புத் தோன்றவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். ஆகவே குழந்தை சொறிவதைக் கண்ட பின்னரே தலையைப் பார்க்கும் தாய், ஓரிரண்டாக இருந்தபோது பார்த்திருக்க வேண்டியதைப் பலவாகப் பெருகிய பின் பார்க்கிறாள். இரண்டு பேனோடு முடிந்திருக்கக் கூடிய இம்சை பன்மடங்காகிறது. நீரை வடிகட்டிப் பருகும் நாம், வாரம் ஒருமுறை குழந்தையின் தலையை வாரிப் பார்ப்பதையும் அவ்வடிகட்டுதலின் வரிசையில் வைத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

பேனுக்கு இறக்கை இல்லை. அது தத்தவும் மாட்டாது. தலையோடு தலை சேரும்போது முடிவழியே ஊர்ந்து செல்கிறது. சீப்பு, ரிப்பன், துண்டு வழியாகச் செல்வது குறைவு. பெண் குழந்தைகள் தலை நெருங்கி அமர்ந்து விளையாடுவதும், ஒரே பாயில் படுத்துறங்குவதும் அது பரவ வழி செய்கின்றன. பள்ளிக்கு முடியை விரித்துவிடாமல் இரட்டைச் சடையாக இறுகப் பின்னி அனுப்புதல் நன்று. சீப்பையும் தலையணையையும் ஆளுக்கொன்றாக வைத்தல் நன்று. அழுக்கினால் பேன் வரும் என்பது பிழையான எண்ணம். நாள்தோறும் நீராடும் தலையிலும் அது வாழும். இதை அந்த ஆசிரியை அறிந்திருந்தால் குழந்தையைக் கடைசி வரிசைக்கு அனுப்பியிருக்க மாட்டார். பேன் இருப்பதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கத் தேவையில்லை என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கூறுகிறது. தலைப்பேன் நோய்க் கிருமியைச் சுமந்து பரப்புவதில்லை. 1909-இல் துனிசு நகரில் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் நிக்கோல் டைபசு காய்ச்சலைப் பரப்புவதாகக் கண்டறிந்தது உடைகளில் வாழும் உடற்பேனை. தலைப்பேனால் வருவது அரிப்பும் உறக்கக் கேடும், சொறிந்த புண் சீழ் பிடிப்பதும், அதனால் கழுத்தில் நெறி கட்டுவதுமே.

பேன் வந்துவிட்டால் என் செய்வது? முடியை நனைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, முதலில் அகன்ற பல் சீப்பால் சிக்கெடுத்து, பின்னர்ப் பேன்சீப்பை உச்சந்தோலிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். இதனை 1, 5, 9, 13-ஆம் நாட்களில் செய்து, 17-ஆம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும். இடைவெளி ஏனெனில், இன்று தப்பிய ஈர் பொரித்தாலும் அக்குஞ்சு ஈரிடும் பருவம் எய்துமுன் சீப்பில் அகப்பட்டுவிடும். வீட்டில் உள்ள அனைவர் தலையையும் அன்றே பார்த்தல் வேண்டும், பாட்டியின் தலையையும்தான்! உச்சந்தோலிலிருந்து விரற்கடை அளவு தள்ளி ஒட்டியிருக்கும் வெண்ணிற ஈர் பெரும்பாலும் பொரித்த கூடே. அதனைக் கண்டு அஞ்ச வேண்டா.

வாரி எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கத்தை நம் இல்லங்களில் அறவே விட்டுவிடலாம். பழைய முடிக்கற்றையோடு ஓர் ஒதுக்குப்புறத்தில் இட்டுவிடுவது பாட்டிமார் வழக்கம். தலையை நீங்கிய பேன் ஓரிரு நாட்களுக்கு மேல் உயிர் வாழாது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆகவே நீக்குவதிலும் இம்சை உண்டு. குழந்தையின் துன்பம் களையத் தவிர்க்கவியலாது நேரும் அதனைச் சங்கல்ப இம்சை என்னாது விரோத இம்சையின்பாற் படுத்தலாம் என்று கருதுகிறோம். அறிந்தோர் வேறு கூறின் கேட்கச் சித்தமாயுள்ளோம்.

சீப்புக்கு அடங்காத அளவு பெருகிவிட்டால் மருத்துவரைக் கேட்டுப் பெர்மெத்ரின் போன்ற மருந்தைக் குறித்த அளவில், குறித்த நேரம் மட்டும் இடுவதைத் தடுத்துக் குழந்தையை வருத்துவது முறையன்று. ஆயின் மண்ணெண்ணெய் தடவுவதும், பயிருக்குத் தெளிக்கும் நஞ்சைத் தலையில் இடுவதும் குழந்தையின் உயிருக்கே ஊறு செய்வன. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசும் கைவைத்தியமும் வேண்டா. அதன் தூளோ சாறோ கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

சென்ற வாரம் மீண்டும் தவளக்குப்பம் சென்றோம். திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி அணிந்த பாட்டி பேத்தியின் தலையை வாரிக்கொண்டிருந்தார். அன்று ஒன்பதாம் நாளாம். துணியில் இரண்டே இருந்தன.