உலாவி உரைக்கும் மொழி விருப்பம்

வேலூரை அடுத்த பாகாயத்திற் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் உளது. அக்கல்லூரியின் மருத்துவ நிலையங்களை நாடி, வங்காளம், ஜார்க்கண்டு, ஆந்திரம் முதலிய இடங்களினின்றும், அயல்நாடாகிய வங்காளதேசத்தினின்றும் நோயாளர் வருகின்றனர். தோல் தொழில் சிறந்த ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் உருது பேசுவோரும் பலர். இத்தகைய இடத்தில், மருந்துண்ணும் முறையை அறிவிக்கும் வலைச் செயலியொன்றை மாணவர் அமைப்பதாகக் கொள்வோம். அஃது எம்மொழியிற் பேசுதல் வேண்டும்?

இருக்குமிடத்தைக் கொண்டு மொழியை ஊகித்தல் ஒரு முறை. அம்முறைப்படி பாகாயத்தில் உள்ளார் யாவர்க்கும் தமிழே கிட்டும். கொல்கத்தாவினின்று நேற்று வந்திறங்கிய தாய்க்கு அதனாற் பயன் யாது?

இதனினும் நேரிய வழி ஒன்றுண்டு. உலாவியானது ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே, ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்னுந் தலைப்புவரியில், தன்னிடம் குறிக்கப்பட்ட மொழிகளை வரிசையாகச் சொல்லியனுப்பக்கூடும். 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே இஃது இடம்பெற்றுளது. ஒவ்வொரு மொழிக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. எண் கூறப்படாவிடின் 1 எனவும், 0 எனின் அம்மொழி வேண்டா எனவும் கொள்ளல் வேண்டும்.

வங்காளம் 1, இந்தி 0.8, ஆங்கிலம் 0.5 என்று வரிசை வந்ததெனக் கொள்க. நம் செயலியிலோ தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றே உள. முதன்மொழி இல்லையெனக் கண்டவுடன் ஆங்கிலத்திற்குத் தாவுதல் பிழை, இந்தியே அளித்தற்குரியது. ‘வங்காளதேசத்து வங்காளம்’ என நாட்டுக்குறியுடன் கேட்கப்பட்டு, நம்மிடம் பொதுவான வங்காளமே இருப்பின், அக்குறியை நீக்கி அதனையே தருதல் வேண்டும். யாதும் பொருந்தாத பொழுதே முன்னர்க் குறித்துவைத்த பொதுமொழி வருதல் முறை.

இனித் தலையாய எச்சரிக்கை ஒன்று. கைப்பேசியின் மொழி எப்பொழுதும் அதனை ஏந்தியிருப்போரின் மொழியன்று. கடையில் அமைத்துக் கொடுத்த ஆங்கிலம் அவ்வாறே இருக்கலாம். மகனது கைப்பேசியைத் தாய் வைத்திருக்கலாம். ஆதலின் உலாவியின் சொல் முதல் ஊகமேயன்றி முடிந்த தீர்ப்பன்று. மொழிகளின் பெயர்களை அவ்வவற்றின் எழுத்திலேயே பக்கத்தின் மேற்புறத்தில் வைத்தல் வேண்டும். பயனர் ஒன்றைத் தெரிந்தெடுப்பின், அதனைக் குக்கியிற் பதிந்து, உலாவியின் விருப்பத்தினும் மேலாகக் கொள்ளல் வேண்டும்.

மேலும், இடையிலுள்ள சேமிப்பகம் ஒருவர்க்குரிய பக்கத்தை மற்றொருவர்க்குக் கொடுத்துவிடாதபடி, மொழிவிருப்பத்தையும் குக்கியையும் பொறுத்துப் பக்கம் மாறுமென ‘வேரி’ என்னுந் தலைப்புவரியில் அறிவித்தல் வேண்டும். உருதுப் பக்கம் வலமிருந்து இடமாகச் செல்லுமென்பதையும் எச்.டி.எம்.எல். குறியிற் காட்டுதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! இவையெல்லாம் சில வரிகளில் முடியும் வேலையே. ஆயினும் ‘உணவுக்கு முன்’ என்பதற்கும் ‘உணவுக்குப் பின்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை ஒருவர் தம் மொழியில் அறிவதும் அறியாதொழிவதும் அச்சில வரிகளைப் பொறுத்தனவாம்.