தண்ணீர்விட்டான் பாத்திக்கு எந்த மூடாக்கு?

வீட்டில் ஆஸ்பராகஸ் வளர்க்க ஆசைப்படும் சென்னைவாசிகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் அந்தத் தடித்த பச்சைத் தண்டு இங்கே சரிப்பட்டு வராது. குளிர்காலத்தில் காய்ந்து ஓய்ந்து, பிறகு புதிதாகக் குருத்து விடும் செடி அது. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊரில் அதற்கு அந்த ஓய்வு கிடைக்காது. நம் மண்ணுக்கு உரியது அதே பேரினத்தைச் சேர்ந்த தண்ணீர்விட்டான், அதாவது சதாவரி. நர்சரியில் வெறுமனே ஆஸ்பராகஸ் என்று கேட்டால், பூச்செண்டுக்குச் செருகும் அழகுச் செடியைக் கொடுத்துவிடுவார்கள். சதாவரி என்று பெயர் சொல்லியே வாங்குங்கள்.

தண்ணீர்விட்டான் முள்ளுள்ள கொடி. மேலே ஊசி ஊசியாகப் பசுமை, மணமுள்ள சின்ன வெள்ளைப் பூ. மண்ணுக்குள் கொத்துக்கொத்தாக வெளிறிய கிழங்கு. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்து சுருங்கிய கிழங்காகவும் பொடியாகவும் கிடைப்பது இதுதான். தாய்ப்பால் சுரக்கச் சித்த மருத்துவத்தில் கொடுக்கும் கிழங்கும் இதுவே. நட்டபின் ஒன்றரை ஆண்டாவது மண்ணில் இருந்தால்தான் கிழங்கு திரளும். கொடி படர்ந்துவிட்டால் வளைந்த முட்களுக்கு நடுவே கை நுழைக்க முடியாது. அதனால் களை எடுப்பதும் மூடாக்குப் போடுவதும் முதல் சில மாதங்களிலேயே ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

ராயப்பேட்டையின் பழைய வீடுகளில் பின்கட்டிலோ கிணற்றடியிலோ மிஞ்சியிருக்கும் நாலடி மண்ணில் உங்களுக்குப் பெரிய எதிரி கோரை. அதன் மீது எந்த மூடாக்கைப் போட்டாலும் வீண். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். கீழே கம்பி போன்ற வேரில் மணி கோத்ததுபோல வரிசையாக இருக்கும் முடிச்சுகள் அப்படியே தங்கி, ஒரு வாரத்தில் மறுபடி முளைக்கும். ஆகவே நடுவதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் ஓரடி ஆழத்துக்குக் கிளறி, முடிச்சுகளை விரலால் பொறுக்கி எடுங்கள். பத்து நாள் விட்டு, தப்பியது முளைத்ததும் இன்னொரு முறை. செடி நட்ட பிறகு கோரை தலைகாட்டினால் கொத்தக் கூடாது; கைமுள்ளால் மண்ணை நெகிழ்த்திச் சங்கிலியாக உருவ வேண்டும். இரண்டு கிழங்கும் குழம்பிவிடாது. கோரை முடிச்சு கறுத்துச் சிறுத்திருக்கும், நகத்தால் கீறினால் வாசனை வரும். தண்ணீர்விட்டான் கிழங்கு வெளிறி, நீண்டு, சாறு நிறைந்திருக்கும். கவனிக்க வேண்டியது புதுக் குருத்தைத்தான். கூர்மையாக, செதில் ஒட்டிய மெல்லிய குச்சியாக அது மண்ணைப் பிளந்து வரும்போது களை என்று கிள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

அருகம்புல்லுக்கும் இதே சிகிச்சைதான். கணுவுக்குக் கணு வேர் விடுவதால், பிடுங்கியதைப் பாத்தி ஓரத்தில் போடாதீர்கள். சாரணை, குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை முதலியவற்றுக்கு அஞ்ச வேண்டாம். பூப்பதற்கு முன் பிடுங்கி, வேரை மேல்நோக்கிக் காயவிட்டு, பாத்தியிலேயே பரப்பிவிடலாம். களைக்கொல்லி தெளிக்கும் எண்ணமே வேண்டாம். இது மருந்துக்காக வளர்க்கும் கிழங்கு. பச்சைத் தண்டில் படும் மருந்து நேராகக் கிழங்குக்கு இறங்கும்.

களை போன பிறகுதான் மூடாக்கு. எல்லாவற்றையும் எடைபோட்டால் என் முதல் தேர்வு காய்ந்த சருகு. காசு இல்லை, தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் எல்லாச் சருகும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி, புங்கன் இலைகள் சிறியவை. சீக்கிரம் மட்கி மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். வேம்பு உதிரும் மாசி, பங்குனியில் அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வாதாம் இலை அகலமானது. அப்படியே போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, ஊற்றும் தண்ணீரை வெளியே வழியவிடும். சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கிய பிறகு பரப்புங்கள். மாவிலை மட்க நாளாகும். கோடைக்கு அதுவே வசதி. நான்கு அங்குலம் போட்டால் ஒரு மாதத்தில் இரண்டாகப் படியும். தெருவில் பெருக்கிய சருகென்றால் பாலிதீனைப் பொறுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது இளநீர் மட்டை. எந்த இளநீர் வண்டிக்காரரிடமும் கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுப்பார். துண்டாக்கிப் போட்டால் நீண்ட நாள் உழைக்கும், காற்றில் பறக்காது, கறையானும் சருகை அரிக்கும் வேகத்தில் அதை அரிக்காது. ஒரே ஒரு நிபந்தனை: குழிவான பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். மல்லாந்து கிடக்கும் மட்டையில் தேங்கும் ஒரு கை மழைநீர் போதும், டெங்குக் கொசு முட்டையிட. கொசு ஒழிப்புக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான். ஐப்பசி பிறந்ததும் மட்டையை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

தென்னை நார்க்கழிவை, அதாவது காயர் பித்தை, கட்டியாக வாங்கி ஊறவைத்து மூடாக்காகக் கொட்டுகிறார்கள். மட்காத நார்க்கழிவு இந்தப் பயிருக்கு ஆகாது. அதில் உப்பு இருக்கும். கரிமச்சத்து தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருப்பதால், மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து அதை மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அப்படி மட்கியது கிடைத்தால், கோடையில் ஓர் அங்குலம் போட்டு அதன்மேல் சருகு பரப்புங்கள். மழைக்காலத்தில் வேண்டாம். எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் அது, கிழங்கு அழுகும்.

வைக்கோல் நல்லதுதான், நகரத்துக்குள் கிடைப்பதுதான் அரிது. மாம்பழப் பருவத்தில் ஜாம்பஜார் பழக்கடைகளில் பெட்டி பிரிக்கும்போது விழும் வைக்கோலைக் கேட்டு வாங்கலாம். நெல்மணி ஒட்டியிருந்தால் முளைக்கும், உதறிப் போடுங்கள். பொங்கல் முடிந்ததும் குவியும் கரும்புத் தோகை அதைவிட மேல். கரும்புச் சாறு கடைச் சக்கை மட்டும் வேண்டாம், எறும்பு மொய்க்கும். வைக்கோலோ அட்டையோ போடுகிறவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள், கறையான் சுவருக்கு ஏறாமல் இருக்க. ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் தூவலாம்.

வயலில் தக்காளிக்கும் மிளகாய்க்கும் விரிக்கும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டை இந்தப் பாத்திக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தக்காளி ஒரே துளையில் நிற்கும். தண்ணீர்விட்டான் தூர் ஆண்டுக்கு ஆண்டு அகன்று, எதிர்பாராத இடத்தில் குருத்து விடும். ஷீட்டுக்குக் கீழே முளைத்த மென்குருத்து அக்கினி நட்சத்திர வெயிலில் வெந்துபோகும். கோரையோ அதே ஷீட்டைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கூழாங்கல்லும் வெயிலைச் சேர்த்துவைப்பதால் வேண்டாம். ஐரோப்பியத் தோட்டங்களில் ஆஸ்பராகஸ் பாத்திக்கு உப்புப் போட்டுக் களையை அடக்கும் பழக்கம் இருந்தது. அந்தச் செடி உப்பைத் தாங்கும் என்பதால். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே பல வீடுகளில் உப்புக் கரிக்கிறது. அதோடு உப்பையும் கொட்டினால் மண் பாழாகும்.

நிலத்தை வெறுமையாக விடக் கூடாது என்று இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் 2013-ல் மறையும் வரை ஊர் ஊராகச் சொல்லிவந்தார். அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் சென்னையில் எவ்வளவு மூடுவது என்பதை மாதம்தான் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. புரட்டாசிக் கடைசியில் மூடாக்கைப் பாதியாகக் குறைத்து, பாத்தியை அரையடி உயர்த்தி, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். முதல் மழைக்கு முளைக்கும் களையை உடனே எடுங்கள். அந்த நாட்களில் சருகுக்கு அடியில் ஆப்பிரிக்க நத்தை பதுங்கிக் குருத்தைத் தின்னும். இரவில் டார்ச் அடித்து, உறை போட்ட கையால் பொறுக்குங்கள். தை பிறந்ததும் மறுபடி முழுக் கனத்தில் மூடாக்கு. எந்தப் பருவமானாலும் தூரைச் சுற்றி நான்கு விரல் இடம் வெறுமையாக இருக்கட்டும்.

மாடியில் வளர்க்கிறவர்களுக்குக் கோரைத் தொல்லை குறைவு, வெயில்தான் அதிகம். ஒன்றரை அடி ஆழமுள்ள பையில், நொறுக்கிய சருகு இரண்டு அங்குலம் போதும். காற்றில் பறக்காமல் இருக்க மேலே நாலு துண்டு மட்டை. பையில் இடம் குறைவு என்பதால் பயறு விதைத்து உயிர்மூடாக்கு போடும் யோசனையை விட்டுவிடுங்கள். தரையில் மட்டும் முதல் ஆண்டு பச்சைப்பயறு விதைத்து, பூக்கும்போது அறுத்துப் பரப்பலாம். தட்டைப்பயறு கொடியேறி இளம் செடியை அமுக்கிவிடும்.

நேரமோ உடம்போ ஒரே ஒரு வேலைக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் மூடாக்கை விட்டுவிடுங்கள். நடும் முன் இரண்டு முறை கோரையைக் கிளறி எடுங்கள். சருகைக் கொஞ்சம் தாமதமாகவும் போடலாம். கொடி படர்ந்த பிறகு கோரையை எடுக்க முடியாது.