எல்லைக் கிராமத்து மாணவரும் பள்ளி வழிகாட்டுதலும்

பத்தாம் வகுப்பு வரை மாணவர் அனைவருக்கும் பாதை ஒன்றே. அதன்பின் அது பல கிளைகளாகப் பிரிகிறது. எக்கிளையில் செல்வது என்பதைப் பதினைந்து வயதில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அம்முடிவுக்குத் துணை நிற்பதே பள்ளி வழிகாட்டும் பணியின் நோக்கமாகும்.

மூன்று கடமைகள்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1908இல் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய பிராங்க் பார்சன்ஸ் இப்பணியை மூன்றாக வகுத்தார். மாணவரின் திறனை அறிதல், தொழில்களின் இயல்பை அறிதல், இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தல் என்பன அவை. நம் நாட்டில் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53), பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலரின் பணி படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. கோத்தாரி குழு (1964-66) பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகரேனும் வேண்டுமென்றது.

பொழியூரின் நிலை

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பொழியூர், கடலை நம்பி வாழும் கிராமம். 1956 நவம்பர் 1இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை இதன் தெற்கே செல்கிறது. எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி. தொழிலும் உறவும் இருபுறமும் ஒன்றாயினும் பாடத்திட்டம் வேறு. கல்லூரிச் சேர்க்கை விதிகள் வேறு. இட ஒதுக்கீட்டுப் பட்டியலும் வேறு. ஒரு மாநில விதியை மட்டும் அறிந்த ஆலோசனை இங்கே பாதி ஆலோசனையே.

மேல்நிலை வகுப்புச் சேர்க்கை நடைபெறும் ஜூன், ஜூலை மாதங்களில் கடல் கொந்தளிக்கும், வருவாய் குறையும். விண்ணப்பத்தைவிட அன்றாடச் செலவே அப்போது வீட்டின் கவலையாகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இவ்விரு மாவட்டக் கடலோரங்களில் பல குடும்பத் தலைவர்களைப் பலி கொண்டது. அத்தகைய வீட்டுச் சிறுவனுக்குத் தொழிற் செய்தி மட்டும் போதாது; அவன் துயரைக் கேட்பாரும் வேண்டும்.

அறியாமையின் விலை

மீன்பிடிக் கலங்களுக்குப் பணியாளரைப் பயிற்றுவிக்க 1963இல் மைய அரசு கொச்சியில் ஒரு நிறுவனத்தை அமைத்தது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் பயின்று தேறியவர் அங்கே கலம் செலுத்தவும் அதன் இயந்திரங்களைப் பேணவும் கற்கலாம். தந்தையுடன் கடலுக்குச் சென்று பழகிய மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி அரிது. ஆனால் கணிதத்தைக் கைவிடாதே என எட்டாம் வகுப்பிலேயே அவனுக்குச் சொல்வார் இருந்தால்தான் அவ்வாயில் திறக்கும். செய்தி உண்மையாயினும், காலங்கடந்து வந்தால் பயனில்லை.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கேனும் இப்பணியில் குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம். எல்லையின் இருபுறத்துப் பள்ளிகளும் சேர்ந்து, இரு மாநிலப் படிப்புகளையும் விதிகளையும் விளக்கும் ஒரே கையேட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடலாம். பெற்றோர் கூட்டங்களைக் கடலுக்குச் செல்லாத நாட்களில் நடத்தலாம். பள்ளிகள் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளலாம் என 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது.

பள்ளிக்கூடம் கட்டுவதோடு அரசின் கடமை முடிவதில்லை. அங்கிருந்து வெளிவரும் மாணவன் எங்கே செல்கிறான் என்பதிலும் அது கருத்துச் செலுத்தும்போதே கல்விக்கெனச் செலவிட்ட பொருள் முழுப்பயன் தரும்.