ஐ-94 தேதியும் அமெரிக்க ஓட்டுநர் உரிமமும்

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சஸ் மாநிலத்தில் பணிபுரியும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம், ஐ-94 முடியும் அதே நாளில் காலாவதியாகிறது. நீட்டிப்பு மனுவை நிறுவனம் தாக்கல் செய்துவிட்டது. ஒப்புதல் இன்னும் வரவில்லை. மனு நிலுவையில் இருக்கும்போதே உரிமத்தைப் புதுப்பிக்க முடியுமா? எச்-4 விசாவில் இருக்கும் மனைவி உரிமம் பெறுவது எப்படி? சில மாதம் தங்க வரும் பெற்றோர் இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு ஓட்டலாமா?

பதில்: அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் கொடுப்பது மாநிலங்களின் வேலை. அலுவலகத்தின் பெயரே மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிபோர்னியாவில் டிஎம்வி, டெக்சஸில் டிபிஎஸ், நியூ ஜெர்சியில் எம்விசி. தேர்வு, கட்டணம், எத்தனை ஆண்டுக்கு உரிமம் என்பதெல்லாம் மாநிலத்தின் விருப்பம். ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவரின் அட்டையில் அச்சாகும் முடிவுத் தேதி மட்டும் அந்த அலுவலகத்தின் கையில் இல்லை. 2005 மே மாதம் சட்டமான ரியல் ஐடி சட்டம் அதைக் குடிவரவுப் பதிவோடு கட்டிவிட்டது. தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்றவருக்குக் கொடுக்கும் உரிமம் அந்த அனுமதி உள்ள காலத்துக்குத்தான் செல்லும். அனுமதிக்கு முடிவுத் தேதி குறிக்கப்படவில்லை என்றால் ஓராண்டு. அட்டை தற்காலிகமானது என்பது அதன் முகப்பிலேயே தெரிய வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. டெக்சஸில் குடிமகனுக்கு எட்டு ஆண்டுக்குக் கிடைக்கும் உரிமம், எச்-1பி ஊழியருக்கு ‘லிமிடெட் டெர்ம்’ என்ற முத்திரையோடு இரண்டு ஆண்டுக்கோ, சில நேரம் ஏழெட்டு மாதத்துக்கோ கிடைப்பது இதனால்தான்.

எந்தத் தேதியை அலுவலகம் எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி அல்ல. விசா என்பது நாட்டின் வாசலில் வந்து நின்று அனுமதி கேட்பதற்கான சீட்டு. உள்ளே வந்த பிறகு அது காலாவதியானாலும் தங்குவது சட்டமீறல் ஆகாது. தங்கும் காலத்தைச் சொல்வது ஐ-94. விமான நிலையத்தில் எல்லைப் பாதுகாப்பு அதிகாரி பதிவதும், பின்னால் நீட்டிப்புக்கு ஒப்புதல் வரும்போது ஐ-797ஏ தாளின் அடிப்பகுதியில் அச்சாகி வருவதும் அதுவே. இவற்றில் கடைசியாகக் கிடைத்தது எதுவோ அதுதான் செல்லும் என்பது பொது விதி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒப்புதல் தாளில் 2028 வரை அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாஸ்போர்ட் 2026 நவம்பரில் முடிவதாக இருந்தால், அதிகாரி ஐ-94 தேதியையும் அந்த நவம்பரோடு நிறுத்திவிடுவது வழக்கம். சூட்கேசோடு வெளியே வருகிறவர் அதைக் கவனிப்பதில்லை. உரிமம் புதுப்பிக்கப் போகும்போது, 2028 வரை கிடைக்க வேண்டிய அட்டை சில மாதத்துக்கே கிடைக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், கவனிக்காமல் இருந்துவிட்டால் நவம்பருக்குப் பிறகு தங்குவதே அனுமதியில்லாத தங்கல் ஆகிவிடும். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் வந்த பிறகும் ஐ-94 பதிவை அரசின் இணையதளத்திலிருந்து இறக்கித் தேதியைப் பார்த்துவிட வேண்டும். பாஸ்போர்ட் முடியப் போகிறது என்றால் பயணத்துக்கு முன்பே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

இனி நிலுவையில் உள்ள மனு. ஐ-94 முடிவதற்குள் நீட்டிப்பு மனு தாக்கலாகியிருந்தால், அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம் என்று கூட்டாட்சி விதி அனுமதிக்கிறது. மனிதவள அதிகாரிகள் இதைச் சொல்லித் தைரியம் கொடுப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் அது வேலைக்கான அனுமதி, காரோட்டுவதற்கான அனுமதி அல்ல. ரியல் ஐடி சட்டத்தின்படி, தங்கும் அனுமதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையால் நீட்டிக்கப்பட்டுவிட்டது என்பதற்கு ஆவணம் காட்டினால்தான் தற்காலிக உரிமம் புதுப்பிக்கப்படும். மனு வந்து சேர்ந்தது என்று சொல்லும் ஐ-797சி ரசீது, நீட்டிக்கப்பட்டது என்று சொல்வதில்லை. நடைமுறையில் மாநிலங்கள் இரண்டு விதமாக நடக்கின்றன. சில, ரசீதைப் பார்த்துவிட்டுக் குடிவரவுத் தரவுத்தளத்தில் மனு நிலுவையில் இருப்பது உறுதியானால் சில மாதத்துக்கு அட்டை தருகின்றன. சில, ஒப்புதல் தாளோடு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஒரே மாநிலத்தில் ஒரு கவுன்டரில் மறுத்ததை இன்னொரு கவுன்டரில் ஏற்றுக்கொண்ட கதைகளும் உண்டு. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஆகவே நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஐ-94 முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே எச்-1பி நீட்டிப்பு மனுவைத் தாக்கல் செய்யலாம். அடுத்த முறை அப்படிச் செய்யச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றால், கூடுதல் கட்டணத்தோடு ‘பிரீமியம் பிராசசிங்’ கேட்கலாம். 15 வேலை நாட்களுக்குள் ஒப்புதலோ மறுப்போ, கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதமோ வந்துவிடும். நிலுவையிலுள்ள மனுவையும் இடையில் இந்த வழிக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

ஒப்புதல் கைக்கு வந்தவுடன் அலுவலகத்துக்குப் போனாலும் அன்றே அட்டை கிடைக்கும் என்பதில்லை. கவுன்டர் ஊழியர் ‘சேவ்’ என்ற கூட்டாட்சித் தரவுத்தளத்தில் ஐ-94 எண்ணை அல்லது ஏலியன் எண்ணைப் போட்டுச் சரிபார்ப்பார். பொருந்தினால் சில நொடி. பொருந்தாவிட்டால் ‘கூடுதல் சரிபார்ப்பு’க்குப் போய்விடும், அது நாட்களாகவும் வாரங்களாகவும் இழுக்கலாம். அப்போது வெறுங்கையோடு திரும்பாமல் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ‘சேவ் கேஸ்செக்’ என்ற இணையப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொண்டு விண்ணப்பதாரரே நிலவரம் பார்க்கலாம். புதிதாக வந்த மாணவர்கள் வந்திறங்கி பத்து நாளாவது கழித்து, வெளிநாட்டு மாணவர்களுக்கான ‘செவிஸ்’ தரவுத்தளத்தில் கல்லூரி தங்கள் பதிவைச் செயல்படுத்திய பிறகு போவதுதான் சரி. முன்னால் போனால் தரவுத்தளத்தில் ஆளே இருக்க மாட்டார்.

பொருந்தாமல் போவதற்குத் தமிழர்கள் விஷயத்தில் தனிக் காரணம் ஒன்று உண்டு: பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்து ஒற்றைப் பெயரோடு வாழ்ந்தவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அமெரிக்கத் தூதரகம் விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சடிக்கும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். ஐ-94 பதிவிலும் அதுவே ஏறும். சமூகப் பாதுகாப்பு அட்டையில் வேறு மாதிரி பதிவாகலாம், நிறுவனத்தின் மனுவில் இன்னொரு மாதிரி. உரிம அலுவலகத்தில் மூன்றும் ஒரே மேசைக்கு வரும்போதுதான் சிக்கல் தெரிகிறது. புறப்படுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்வதே இதற்குச் சரியான தீர்வு. வந்துவிட்டவர்கள் இந்தியத் துணைத் தூதரகம் வழியே பாஸ்போர்ட்டை மாற்றி, பிறகு சமூகப் பாதுகாப்பு அலுவலகம், குடிவரவுப் பதிவு, உரிமம் என்று வரிசையாகத் திருத்த வேண்டியிருக்கும்.

மனைவிக்கு உரிமம் கிடைக்கும். எச்-4 தகுதி சட்டபூர்வமான தற்காலிகத் தங்கல்தான். வேலை அனுமதி இல்லாத எச்-4 மனைவிக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது என்பது உரிமத்துக்குத் தடையல்ல. எண் பெறத் தகுதியில்லை என்று சமூகப் பாதுகாப்பு அலுவலகம் தரும் கடிதத்தைப் பல மாநிலங்கள் கேட்கும், சில மாநிலங்களில் உறுதிமொழிப் படிவமே போதும். வீட்டு ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் பெயரில் இருப்பதால் முகவரிச் சான்று இல்லாமல் திரும்புகிறவர்கள் அதிகம். கணவரின் ரசீதோடு திருமணப் பதிவுச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தால் பல மாநிலங்கள் ஏற்கும். ஊரிலிருந்து வரும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பெற்ற சான்றிதழைக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் மனைவி பெயரையும் சேர்த்துக்கொள்வது இன்னும் சுலபம்.

புதுப்பிக்கும்போது மனைவியின் நிலை கணவரைவிடக் கடினம். எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539 படிவத்துக்குப் பிரீமியம் வழி கிடையாது. கணவரின் ஒப்புதல் பதினைந்தே வேலை நாளில் வந்துவிட, மனைவியின் படிவம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கலாம். அவருடைய உரிமமும் அதோடு நிற்கும். செல்லுபடியாகும் விசா முத்திரை இருந்தால், வெளிநாடு போய்த் திரும்பிப் புது ஐ-94 பெறுவது ஒரு வழி. நிலுவையிலுள்ள படிவத்தை அந்தப் பயணம் என்ன செய்யும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே டிக்கெட் போட வேண்டும்.

இந்தியாவில் இருபது வருடம் ஓட்டிய அனுபவம் இருந்தாலும் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. குடியேறியபின் எத்தனை நாளுக்குள் உள்ளூர் உரிமம் எடுக்க வேண்டும் என்பதில் வேறுபாடு பெரிது: கலிபோர்னியாவில் 10 நாள், நியூயார்க்கில் 30, நியூ ஜெர்சியில் 60, டெக்சஸில் 90.

பெற்றோர் பி-2 விசாவில் வருபவர்கள்; குடியேறியவர்கள் அல்ல. அவர்களுக்கு அந்தக் கெடுவும் இல்லை. 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்திருப்பதால், செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸை வைத்துக் குறுகிய காலம் ஓட்டலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்து வைத்திருப்பது நல்லது; சில மாநிலங்களும் பல வாடகைக் கார் நிறுவனங்களும் கேட்கும். அதை ஊரிலுள்ள ஆர்டிஓ அலுவலகத்தில்தான் வாங்க முடியும், கட்டணம் ரூ.1,000, ஓராண்டு செல்லும். அமெரிக்கா வந்த பிறகு இணையத்தில் யாரோ விற்கும் அனுமதிப் புத்தகம் வெறும் காகிதம். லைசென்ஸ் இல்லாமல் அனுமதிப் புத்தகத்தை மட்டும் காட்டினாலும் பயனில்லை. மகனின் கார் காப்பீட்டில் பெற்றோரை ஓட்டுநராகச் சேர்த்திருக்கிறதா என்பதைச் சாவியைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டும்.

அடைக்கலம் கேட்டு மனு நிலுவையில் இருப்பவர்களும் (இலங்கைத் தமிழர் பலர் இந்த வகையில் வந்தவர்கள்) ரியல் ஐடி சட்டப்படி தற்காலிக உரிமத்துக்குத் தகுதியானவர்களே. எந்த அனுமதியும் இல்லாதவர்களுக்கு டெக்சஸ் உரிமம் தருவதில்லை. கலிபோர்னியா 2015 ஜனவரி முதல் தருகிறது; நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்றவையும் தருகின்றன. அந்த அட்டை ரியல் ஐடி ஆகாது. 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு ரியல் ஐடி கேட்கிறார்கள் என்றாலும், இந்தியப் பாஸ்போர்ட் அந்த இடத்தில் செல்லும். நட்சத்திரம் போட்ட ரியல் ஐடி அட்டை கிடைக்கவில்லை என்று எச்-1பி ஊழியர் பதற வேண்டியதில்லை. அதேபோல் உரிமம் கையில் இருப்பது தங்கும் அனுமதிக்குச் சான்றும் ஆகாது. பதினெட்டு வயது நிரம்பியவர் ஐ-94 அல்லது கிரீன் கார்டு போன்ற பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது தனிச் சட்டம்.

கேட்டவருக்கு நேர் பதில்: ரசீதோடு ஒருமுறை போய்க் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் பிரீமியம் வழியில் ஒப்புதல் வாங்கிப் போக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் காலாவதியான உரிமத்தோடு ஓட்டக் கூடாது. அபராதத்தோடு போவதில்லை, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பும், காவல்துறைப் பதிவு பின்னால் விசா நேர்காணலில் எழும். டெக்சஸில் காலாவதியாகி இரண்டு ஆண்டு தாண்டினால் மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் ஒரு கேள்வி. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தோடே வாக்காளர் பதிவும் நடக்கிறது. ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா’, ‘வாக்காளராகப் பதிய விருப்பமா’ என்ற பெட்டிகள் உறுப்பு தானக் கேள்விக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று தொட்டுவிட்டால், அது குடியுரிமை குறித்த பொய்க் கூற்றாகக் கருதப்படலாம். கிரீன் கார்டுக்கான கதவையே நிரந்தரமாக அடைத்துவிடும் குற்றச்சாட்டு அது, விதிவிலக்கு மிகக் குறைவு. ஊழியரின் தவறாலும் நேரலாம்: 2018-இல் கலிபோர்னியாவில் குடிமக்கள் அல்லாத சிலர் இப்படித் தவறுதலாக வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள். ஆகவே விண்ணப்பதாரர் கையெழுத்துப் போடுமுன் படிவத்தின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி, அந்த இரண்டு பெட்டியிலும் ‘இல்லை’ என்று இருக்கிறதா எனப் பார்த்து, ஒரு நகலை வீட்டில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.